சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து சின்னக் குழந்தை, வயதான பெற்றோருடன் ஒரே நாளில் போய்வர நல்ல கடலோர நடை எது?

பாயிண்ட் லோபோஸ். கார்மல் ஊரைத் தாண்டித் தெற்கே மூன்று மைல், ஹைவே 1-ஐ ஒட்டியே இருக்கும் கலிஃபோர்னியா மாநிலப் பூங்கா. ஆறு வயதுப் பையன், முழங்கால் வலி உள்ள அப்பா, ஊரிலிருந்து முதல்முறை வந்திருக்கும் அம்மா என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. இன்னும் தெற்கே, மலையும் கடலும் ஒட்டிக் கிடக்கும் பிக் சர் பக்கம் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பாதி நாள் காரிலேயே போய்விடும். அந்த வளைவுகளில் பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும். லோபோஸில் காரை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே கடல்.

காலை 8 மணிக்குக் கதவு திறக்கிறார்கள். அந்த நேரத்துக்கே போய்ச் சேருங்கள். உள்ளே கார் நிறுத்த இடம் குறைவு, வார இறுதிகளில் சீக்கிரமே நிரம்பிவிடும். அப்புறம் ஹைவே ஓரத்தில் நிறுத்திவிட்டு அப்பாவை அவ்வளவு தூரம் நடக்க வைக்க வேண்டியிருக்கும். முடிந்தால் வார நாளில் போங்கள்.

பூங்கா முழுவதையும் சுற்றிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே நடைபாதைகள் எல்லாமே சின்னவை. இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து நின்று நின்று பார்த்தால்தான் இந்த இடம் பிடிபடும். முதலில் சீ லயன் பாயிண்ட். போய்த் திரும்ப ஒரு மைல்கூட வராது. வண்டி நிறுத்தும் இடத்திலேயே கடல் சிங்கங்கள் குரைக்கும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும், பையன் தானாகவே ஓடுவான். பூங்காவின் தன்னார்வலர்கள் பல நாட்களில் இங்கே தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நிற்பார்கள். தயங்காமல் போய்க் கேளுங்கள், ஆசை ஆசையாகச் சொல்வார்கள்.

அதில் கடல் நீர்நாயைக் காட்டச் சொல்லுங்கள். என் அம்மா அந்தத் தொலைநோக்கியை விட்டு நகரவே மறுத்துவிட்டார். கெல்ப் என்கிற நீளமான கடல்பாசிக்கு நடுவே நீர்நாய் மல்லாந்து மிதக்கிறது. நெஞ்சின் மேல் ஒரு கல். இரண்டு கைகளாலும் சிப்பியைப் பிடித்து அந்தக் கல்லில் டக் டக் என்று அடிக்கிறது. உடைந்ததும் சதையைத் தின்கிறது. தின்று முடித்ததும் ஒரு முறை உருண்டு, நெஞ்சில் ஒட்டிய துணுக்குகளைக் கழுவிவிட்டு மறுபடியும் மல்லாந்து படுத்துக்கொள்கிறது. அலை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கப் பாசியை உடம்பில் சுற்றிக்கொள்ளும். திமிங்கலம், சீல் போல இதற்குத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அதைக் காப்பாற்றுவது அடர்த்தியான ரோமம்தான். அந்த ரோமத்துக்காகவே மனிதர்கள் இதை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இனி இல்லை என்றே நினைத்திருந்தபோது, 1938-இல், இங்கிருந்து கொஞ்சம் தெற்கே பிக்ஸ்பி கிரீக் பக்கம் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. நீங்கள் பார்க்கப்போகும் நீர்நாய் அந்தக் கூட்டத்தின் வழி வந்ததுதான். பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அதே வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கிளம்புவது சைப்ரஸ் குரோவ் பாதை. சுற்றி வர முக்கால் மைலுக்குக் கொஞ்சம் அதிகம். சில இடங்களில் படிகள் இருக்கின்றன, ஏற்றமும் உண்டு. அப்பாவுக்குக் கைத்தடி இருந்தால் நல்லது. மான்டரே சைப்ரஸை இன்று உலகத்தில் எங்கெங்கோ நட்டு வளர்க்கிறார்கள். ஆனால் அது இயற்கையாகவே முளைத்து வளரும் தோப்புகள் உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று இங்கே, இன்னொன்று கார்மல் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சைப்ரஸ் பாயிண்டில். காற்றில் முறுகி, பாதி பட்டுப்போய், பாறை விளிம்பில் நிற்கும் மரங்கள். பாதையின் வடக்குப் பக்கத்தில் கிளைகளெல்லாம் காவி நிறத்தில் மெத்தென்று ஏதோ படர்ந்திருக்கும். நோய் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு வகைப் பாசி. கேரட்டுக்கு நிறம் தரும் அதே கரோட்டின்தான் இதற்கும் நிறம் தருகிறது. மரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை.

இந்தத் தோப்பு தப்பிப் பிழைத்த விஷயமும் நமக்கு நன்றாகப் புரியக் கூடியதுதான். 1890 வாக்கில் இந்த நிலத்தை மனை போட்டு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 1898-இல் அலெக்சாண்டர் ஆலன் என்பவர் இங்கே நிலம் வாங்கினார். பிறகு அவரும் குடும்பமுமாக, விற்றுப்போன மனைகளையும் திரும்ப வாங்கிச் சேர்த்தார்கள். 1933-இல் இது மாநிலத்தின் கைக்கு வந்தது. 1960-இல் கரையை ஒட்டிய கடலையும் சேர்த்துப் பாதுகாத்தார்கள். அந்த மனைகளில் வீடு கட்டியிருந்தால் இன்று நமக்கு வேலிதான் மிஞ்சியிருக்கும். யாரோ ஒருவர் பிடிவாதமாக இருந்ததால் உங்கள் அம்மா அந்த மரத்தடியில் நிற்கப்போகிறார். எனக்கு இது பெரிய விஷயம்.

மதியம் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே கடை எதுவும் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. அதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான். வேலர்ஸ் கோவ் என்கிற சின்னக் கடல் வளைவு அதில் ஒன்று. பக்கத்திலேயே 1850களில் சீன மீனவர்கள் கட்டிய மரக் குடில் இருக்கிறது, இப்போது சின்ன அருங்காட்சியகம். தரைக்கு அடியில் முட்டுக்கொடுக்கத் திமிங்கலத்தின் முதுகெலும்பை வைத்திருக்கிறார்கள். பையனைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பிட்ட பிறகு தெம்பு இருந்தால் தெற்குக் கோடியில் பேர்டு ஐலண்ட் பாதை. ஆரம்பத்துப் படிகளை ஏறிவிட்டால் பிறகு பெரும்பாலும் சமதளம். மேலிருந்து பார்த்தால் சைனா கோவ் என்கிற சின்னக் கடல் வளைவில் தண்ணீர் பச்சைப் பசேலென்று தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் சீல்கள் குட்டியோடு அந்த மணலில் கிடக்கும். மெதுவாகப் பேசுங்கள், பயந்தால் தாய் குட்டியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பாய்சன் ஓக். மூன்று மூன்றாக இலை விடும் செடி, பாதை ஓரமெங்கும் இருக்கும். பட்டால் தோல் தடித்து, அரித்து, கொப்பளிக்கும். அம்மா அப்பாவிடம் சேங்கொட்டை மாதிரி என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். உண்மையிலேயே இரண்டும் ஒரே குடும்பம்தான், நம் முந்திரியும் மாவும்கூட அதே குடும்பம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த வெறும் குச்சி பட்டாலும் அரிக்கும். எல்லோரும் முழு பேன்ட் போட்டுக்கொண்டு, பாதையை விட்டு இறங்காமல் நடங்கள்.

இன்னொன்று, அலை. கடல் அமைதியாக இருப்பதுபோல் தெரியும். திடீரென்று ஒரு பெரிய அலை பாறைமேல் ஏறி ஆளை இழுத்துவிடும். ஈரமாக இருக்கும் பாறைவரை அலை வருகிறது என்று அர்த்தம், அங்கே நிற்காதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதும் வேண்டாம். பையன் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

ஜூலையில் போனாலும் ஸ்வெட்டர் வேண்டும். சான் ஹோசேயில் வெயில் கொளுத்தும்போது இங்கே மூடுபனி கவிந்து கிடக்கும். தெளிவான வானம் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். பெற்றோர் ஜனவரிவரை இருப்பார்கள் என்றால் அப்போதும் ஒரு முறை கூட்டிப்போங்கள், தெற்கே போகும் சாம்பல் திமிங்கலங்கள் மூச்சு விடும்போது எழும் நீர்ப்புகையைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

திரும்பும் வழியில் 17 மைல் டிரைவ் என்கிற கடலோரச் சாலையையும் மான்டரே அக்வேரியத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அக்வேரியத்துக்கே தனியாக ஒரு நாள் வேண்டும். இன்னொரு வாரம் பார்த்துக்கொள்ளலாம்.