பீக்கரில் காபி ஊற்றினால் அது ஆய்வகக் கண்ணாடியா?

கேள்வி: மதுரையில் பள்ளி, கல்லூரி, இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான்கள் விற்கிறேன். வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் பீக்கர், கூம்புக் குடுவை, கைப்பிடி வைத்த பீக்கர் ஆகியவற்றைச் சீனாவிலிருந்து தூத்துக்குடி வழியாக இறக்குகிறேன். எல்லாவற்றையும் சுங்க வரி அட்டவணையில் ஆய்வகக் கண்ணாடிக்கான 7017 20 00 என்ற எண்ணில் காட்டித்தான் வரி கட்டினேன். இப்போது சுங்கத் துறையின் தணிக்கைப் பிரிவு, கைப்பிடி பீக்கரும் சிறிய பீக்கர்களும் மேசை, சமையலறைக் கண்ணாடிக்கான 7013-இல் வரும் என்றும், ஐந்தாண்டு வித்தியாச வரியை வட்டியுடன் கட்ட வேண்டும் என்றும் கடிதம் அனுப்பியிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இதே சரக்கை விட்டவர்கள் இவர்கள்தான். சென்னை வியாபாரிகள் இன்றும் இதே எண்ணில் எடுக்கிறார்கள். அந்த எண்ணைச் சொன்னதே கிளியரிங் ஏஜென்ட்தான். விசாரணையில் என்னைத் திருடனைப் போல நடத்தினார்கள். கண்ணாடியின் விரிவுக் குணகம் (சூட்டில் நீளும் அளவு) 3.3 என்று தொழிற்சாலைச் சான்றிதழ் இருக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாமா?

பதில்: நீங்கள் பெரிதும் நம்பும் அந்தச் சான்றிதழ் இந்த வழக்கில் எதையும் தீர்மானிக்காது. 0 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்ப எல்லைக்குள் ஒரு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேற்படாத நீள் விரிவுக் குணகம் கொண்ட கண்ணாடி என்ற வாசகம் 7017 20-இல் இருப்பது உண்மை. ஆனால் அதே வாசகம், எண் மாறாமல், மேசை மற்றும் சமையலறைக் கண்ணாடிக்கான 7013 42-இலும் இருக்கிறது. போரோசிலிகேட் என்று நிரூபித்துவிட்டால் எந்தத் துணைத் தலைப்பு என்பதுதான் தெரியவரும். எந்தத் தலைப்பு என்பது தெரியவராது. முதலில் நான்கு இலக்கத் தலைப்பு, அதற்குள்தான் துணைத் தலைப்பு என்பது அட்டவணையின் பொது விளக்க விதிகள் 1, 6 ஆகியவற்றின் முறை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் ஆய்வகத்தில் பயன்படும் வகையைச் சேர்ந்ததா, மேசையில் பயன்படும் வகையைச் சேர்ந்ததா?

அதற்கு வடிவமைப்பும், பெரும்பான்மைப் பயன்பாடும், சந்தையில் அது எப்படி விற்கப்படுகிறது என்பதும் சாட்சி. 2005-இல் ஓகே ப்ளே வழக்கில் உச்ச நீதிமன்றம் வடிவம், பயன்பாடு ஆகிய இரண்டையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. உங்கள் கூம்புக் குடுவைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மூக்கும், வெள்ளை அளவுக்கோடுகளும், பென்சிலால் எழுதுவதற்கான வெள்ளைப் பட்டையும் கொண்ட சாதாரண பீக்கர், யாரோ ஒருவர் அதில் சர்பத் ஊற்றிக் குடித்தார் என்பதற்காகச் சமையலறைச் சாமான் ஆகிவிடாது. துறை அதற்கு 7013 கேட்டால் எதிர்த்து நில்லுங்கள், தலைப்பை நிரூபிக்கும் சுமை துறையுடையது. கைப்பிடி பீக்கர் வேறு கதை. நீங்கள் அனுப்பிய படத்தில், அதன் அட்டைப்பெட்டியின் மீது ஆவி பறக்கும் காபிக் கோப்பையின் ஓவியம் அச்சிடப்பட்டிருக்கிறது. அளவுக்கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஊற்றுவதற்கான மூக்கு இல்லை, விளிம்பு உதட்டுக்கு ஏற்ற மாதிரி உருட்டப்பட்டிருக்கிறது. உங்கள் விற்பனைப் பில்களில் பாதிக்கு மேல் புதிய காபிக் கடைகளுக்கும், மாட்டுத்தாவணிப் பக்கத்து ஜிகர்தண்டா, ஜூஸ் கடைகளுக்கும் போயிருக்கின்றன. அந்தப் பொருளை 7017-இல் வைத்து வாதாடும் வழக்கறிஞர் கிடைப்பார். ஜெயிப்பவர் கிடைப்பது அரிது.

அதிகாரி பேசிய விதத்தை மறந்துவிடுங்கள். தீர்ப்பாயம் அதைக் கேட்காது. சென்னை வியாபாரி தப்பித்ததால் உங்களுக்கு உரிமை எதுவும் பிறந்துவிடாது. ஏஜென்ட் சொன்ன எண் என்பதும் உதவாது. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பில் உள்ளவை உண்மை என்று சுங்கச் சட்டத்தின் 46-ஆவது பிரிவின் கீழ் உறுதி கொடுத்தவர் இறக்குமதியாளரான நீங்கள். கடித நிலையிலேயே ரிட் போனால், விளக்கம் கேட்கும் நோட்டீஸே வராதபோது எதை எதிர்க்கிறீர்கள் என்று முதல் நாளிலேயே கேட்பார்கள்.

இத்தனை ஆண்டுகள் விட்டார்களே என்ற குறை மட்டும் வீணல்ல. ஆனால் அதை நீங்கள் வைத்திருக்கும் இடம் தவறு. வகைப்பாட்டில் அது செல்லாது, சட்டத்துக்கு எதிராகப் பழைய நடைமுறையைக் காட்டித் துறையைக் கட்டிப்போட முடியாது. காலவரம்பில் அது செல்லும். சாதாரணமாக 28(1)-இன் கீழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் வரி கேட்கலாம். வேண்டுமென்றே தவறாகச் சொன்னதாகவோ உண்மையை மறைத்ததாகவோ காட்டினால்தான் 28(4)-இன்படி ஐந்து ஆண்டு வரும். தூத்துக்குடியில் பெட்டியைத் திறந்து பார்த்து, பரிசோதனை அறிக்கை எழுதி விடுவித்த சரக்கு எதுவோ, அதைப் பற்றி மறைத்தீர்கள் என்று சொல்வது துறைக்குக் கடினம். ஆனால் இன்று பெரும்பாலான சரக்கு, இடர் மேலாண்மை முறையில் யாரும் திறக்காமலேயே வெளியே போகிறது. அவற்றுக்கு நாங்கள் பார்க்கவே இல்லை என்பார்கள், அது எடுபடும். எனவே திறந்து பார்த்த பில்களை முதலில் தனியாகப் பிரித்தெடுங்கள்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். வகைப்பாட்டில் தோற்றவர்களைவிட, தோற்ற விதத்தால் அழிந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓர் எண்ணைக் கோருவது நம்பிக்கை சார்ந்தது, அது தவறான அறிவிப்பு ஆகாது என்று 1998-இல் நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களைப் போன்றவர்களுக்குக் கேடயம். ஆனால் பொருளின் விவரத்தை உள்ளபடி எழுதியவனுக்கே அது கேடயம். உங்கள் இன்வாய்ஸில் ‘ஆய்வக பீக்கர்’ என்றும், விற்றவரின் கேட்டலாக்கில் அதே மாதிரி எண்ணுக்கு ‘காபி மக்’ என்றும் இருக்கிறது. இன்வாய்ஸில் அப்படி எழுதச் சொன்னது யார் என்பதற்கு வாட்ஸ்அப் உரையாடல் ஒன்று இருக்குமானால், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அதை அழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விற்றவரின் செல்பேசியிலும் ஏஜென்டின் கணினியிலும் அது இருக்கும், அழித்தது மட்டும் உங்கள் தலையில் புதிதாக ஏறும்.

அடுத்து, விசாரணைக்கு அழைக்கும் 108-ஆவது பிரிவுச் சம்மன். அங்கே கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகும். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்று, தெரிந்தேதான் குறைந்த வரி எண்ணைப் போட்டோம் என்ற வரியின் கீழ் கையெழுத்திடுபவர்கள் உண்டு. இரண்டாண்டு வழக்கு ஐந்தாண்டு வழக்காவது அந்த ஒரு வரியால்தான். ஐந்தாண்டு என்று ஆகிவிட்டால் 15 சதவீத ஆண்டு வட்டியோடு, 114ஏ பிரிவின்படி வரிக்குச் சமமான அபராதமும் சேரும். 111(எம்) பிரிவின் வழியாகச் சரக்கைப் பறிமுதல் செய்ததாகக் கொண்டு, அதை விடுவிப்பதற்கான மீட்புத் தொகையும் கேட்கலாம். வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளுக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2021 கேனான் தீர்ப்பைக் காட்டும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள்; 2024 நவம்பரில் மறுஆய்வில் அது மாறிவிட்டது.

ஆகவே கைப்பிடி பீக்கருக்குச் சமாதானமாகப் போங்கள். நோட்டீஸ் வருவதற்கு முன்பே, பில் வாரியாகக் கணக்கிட்டு, அந்தப் பொருளுக்கு மட்டும் வித்தியாச வரியையும் வட்டியையும் கட்டிவிடுங்கள். உடன் கொடுக்கும் கடிதத்தில், வகைப்பாட்டுக் கருத்து வேறுபாட்டை முடித்துக்கொள்வதற்காகக் கட்டுகிறேன் என்றும், மறைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை என்றும், மற்ற பீக்கர், குடுவைகளுக்கு இது பொருந்தாது என்றும் தெளிவாக எழுதுங்கள். ‘தவறை உணர்ந்து கட்டுகிறேன்’ என்ற ஒற்றை வாக்கியம் நல்ல சரக்கையும் சேர்த்து மூழ்கடிக்கும். அப்படியும் 28(4)-இல் நோட்டீஸ் வந்தால், நீங்கள் ஏற்கும் பகுதிக்கான வரியின் 15 சதவீதத்தை அபராதமாக 30 நாட்களுக்குள் கட்டி அந்தப் பகுதியை 28(5)-இல் முடித்துக்கொள்ளலாம். 31-ஆம் நாள் அந்தக் கதவு மூடிவிடும். வரி வழக்குகளைச் சமரசமாக முடித்துவைத்த தீர்வு ஆணையத்துக்குப் போகலாமே என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். 2025 ஏப்ரல் முதல் அங்கே புதிய மனு எடுப்பதில்லை. 18ஏ பிரிவில் தாமாக முன்வந்து திருத்தும் வசதியும், தணிக்கை தொடங்கி உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டதால், இந்தப் பில்களுக்கு இல்லை.

சாதாரண பீக்கர்களுக்கு மட்டும் போராடுங்கள். மேல்முறையீட்டுக்கு வரியில் 7.5 சதவீதத்தை முன்கூட்டியே வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அந்தத் தொகைக்கும் வழக்குச் செலவுக்கும் கீழே துறையின் கோரிக்கை இருந்தால் அதையும் கட்டிவிட்டுக் கடையைப் பாருங்கள்.

அடுத்த சரக்கில் கைப்பிடி பீக்கரைத் தனி வரியாக, கேட்டலாக்கில் உள்ள பெயரிலேயே, 7013-இல் காட்டுங்கள். சாதாரண பீக்கருக்கு எந்த எண் என்று இறக்குமதிக்கு முன்பே தீர்ப்புச் சொல்லும் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பிக்க நினைத்தால், இந்தக் கேள்வி அதிகாரியிடம் நிலுவையில் இருக்கும்வரை எடுக்க மாட்டார்கள் என்பதால், முதலில் தணிக்கை முடியட்டும்.