முதல் ஆழ்கடல் ஆய்வுப் பயணம்: குமட்டலைவிடத் தூக்கத்தைக் கவனியுங்கள்

கேள்வி: நான் ஆராய்ச்சி மாணவி. முதன்முறையாக ஒரு மாத ஆழ்கடல் ஆய்வுப் பயணம் போகிறேன். நள்ளிரவு முதல் நண்பகல் வரை எனக்கு ஷிப்ட். கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க மாதிரி எடுக்க வேண்டும். பேருந்தில் போனாலே எனக்கு வாந்தி வரும். எப்படித் தயாராவது?

பதில்: வாந்தி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். குமட்டல் முற்றிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், மருத்துவரைக் கேட்டுக் கரையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வெறும் வயிறு ஆகாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. வெளியே நின்று தொடுவானத்தைப் பார்த்தாலும் தேவலை. பலருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

எனக்குக் கவலை உங்கள் தூக்கத்தைப் பற்றித்தான். நண்பகலில் ஷிப்ட் முடியும்போது வெயில் பளீரென்று இருக்கும், பேச ஆள் கிடைக்கும், டால்பின் தெரிகிறது என்று யாராவது கூப்பிடுவார்கள். ஒரு வாரம் இப்படிப் போனால், அதிகாலை நான்கு மணிக்குக் குப்பி எண்ணை மாற்றி எழுதுவீர்கள். கண்மறைப்பும் காதடைப்பானும் கட்டாயம் கொண்டுபோங்கள். அறையைப் பகிர்பவர் எதிர் ஷிப்டில் இருந்தால் நல்லது, ஆளுக்குப் பாதி நாள் அறை கிடைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். கடல்நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழத்தை அளக்கும் சிடிடி கருவியைச் சுற்றி, வேண்டிய ஆழத்தில் மூடி நீரைப் பிடிக்கும் நிஸ்கின் குப்பிகளை வளையமாகப் பொருத்திய சட்டகத்தை ரொசெட் என்பார்கள். கம்பிவடத்தைச் சுற்றி இறக்கி ஏற்றும் வின்ச் இயந்திரம் அதை நிமிடத்துக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் இறக்கும். 4000 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர, குப்பிகளை மூட ஆங்காங்கே நிற்பதையும் சேர்த்தால், ஏறக்குறைய 3 மணி நேரம். சாப்பிடுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ரொசெட் மேலே வந்ததும் வரிசையில் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான்.

குப்பியின் மேல் திருகைத் திறந்ததும் காற்று உள்ளே புகும். ஆழத்துக் குளிர்ந்த நீர் டெக்கில் சூடாகவும் தொடங்கும். இரண்டுமே ஆக்சிஜன் அளவைக் கெடுக்கும். அதனால்தான் வாயு மாதிரிகள் முதலில், உப்புத்தன்மைக்கான மாதிரி கடைசியில். மேல் திருகைத் தொடும் முன் கீழ்க்குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் அந்தக் குப்பி கசிகிறது; உடனே பதிவேட்டில் குறியுங்கள்.

பிறகு ரப்பர் குழாயிலுள்ள காற்றுக் குமிழிகளை விரலால் தட்டி வெளியேற்றி, கண்ணாடிக் குடுவையின் அடிவரை அதை நுழையுங்கள். தண்ணீர் சலசலக்காமல் ஏறி, குடுவையின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு வழிந்தோடட்டும். நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, குழாயை மெதுவாக உருவுங்கள். அடுத்து, கரைந்த ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் இரண்டு கரைசல்கள்: முதலில் மாங்கனீஸ் கரைசல், அப்புறம் கார அயோடைடு. இரண்டையும் நீர்மட்டத்துக்குக் கீழே செலுத்தி, குமிழி சிக்காமல் மூடியைப் போட்டுக் குலுக்குங்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு திரளும். அரை மணி கழித்து இன்னொரு முறை குலுக்க வேண்டும், இதைத்தான் புதியவர்கள் மறப்பார்கள்.

ஒவ்வொரு குடுவையின் கொள்ளளவும் அதற்கே உரிய மூடியோடு சேர்த்து அளக்கப்பட்டது. மூடி மாறினால் கணக்கும் மாறும். கிளம்பும் முன் ஆய்வகத்தில் வெறும் குழாய்த் தண்ணீரை வைத்து இதையெல்லாம் கை பழகும்வரை செய்து பாருங்கள்.

டெக்கில் தலைக்கவசம், முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, மிதவை அங்கி மூன்றும் வேண்டும். இழுவையில் இருக்கும் கம்பிவடத்தின் அருகே நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டைபோல் வீசும். ரொசெட்டைக் கட்டி முடித்துவிட்டோம் என்று டெக் பொறுப்பாளர் சொல்லும்வரை, மாதிரி எவ்வளவு அவசரமானாலும் அதை நெருங்காதீர்கள்.