நிருபர் மட்டும் யோக்கியரா?

கேள்வி: மாங்கூழ் ஆலை மேலாளர் ஒருவரின் கொலையை உள்ளூர் நிருபர் துப்பறிவதாக, கிருஷ்ணகிரியைக் களமாக வைத்து ஓர் அங்கத நாவல் எழுதியிருக்கிறேன். 'போலீசைக் கிண்டல் செய்திருக்கிறாய், வம்பு வரும்' என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். முதல் ஐந்து அத்தியாயங்களை அனுப்பியுள்ளேன். வெளியிடலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வம்பு வராது. அதுதான் குறையே.

தொந்தி பெருத்த ஏட்டு, தடயத்தை விட்டுவிட்டு வடைக்கடைக்கு ஓடும் மோப்ப நாய்... இவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வாசகனுக்கு அலுத்துவிட்டது. உங்கள் நிருபர் மட்டும் எப்படி ஐயா இத்தனை யோக்கியராக இருக்கிறார்? தாலுகா நிருபரின் பிழைப்பு நீங்கள் அறியாததா? பலருக்குச் சம்பளமே கிடையாது. விளம்பரம் பிடித்தால் கமிஷன். காலையில் கொலை விவரம் கேட்டு ஆலைக்குப் போனவர், மாலையில் அதே முதலாளியிடம் மாங்கனிக் கண்காட்சி சிறப்பு மலருக்கு முழுப் பக்க விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். அவர் 'ஆலைக்குள் கொலை' என்று எழுதி அனுப்புவார். அலுவலகத்தில் அது 'தனியார் நிறுவன ஊழியர் மர்மச் சாவு' ஆகும். அச்சில் 'மேலாளர் திடீர் மறைவு' என்று நான்கு வரி; எதிர்ப் பக்கத்தில் கைகூப்பியபடி முதலாளி. (எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தப் பக்கத்துக்கு எதிரே என்ன விளம்பரம் என்று பாருங்கள்.) கொலையாளி யாரென்று நிருபருக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடட்டும். தெரிந்ததை அச்சில் ஏற்ற முடியாமல் அவர் படும் பாடுதான் நாவல்.

கதை நடப்பது 2025-இல். உங்கள் இன்ஸ்பெக்டரோ 302, 174 என்று பழைய சட்டப் பிரிவுகளையே எழுதிக்கொண்டிருக்கிறார். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன: கொலைக்குப் பிரிவு 103, சந்தேக மரண விசாரணைக்குப் பிரிவு 194. டீக்கடையில் 302 என்று பேசட்டும், முதல் தகவல் அறிக்கையில் செல்லாது.

அப்புறம், மார்கழி மாதத் தோப்பில் பிணத்தின் மேல் பெங்களூரா மாம்பழம் விழுகிறது! காவேரிப்பட்டணத்துக்காரர் எழுதுகிற எழுத்தா இது? மரம் பூவெடுக்கிற காலம் அல்லவா அது? கொலையை ஆனிக்குத் தள்ளிப்போடுங்கள். பழமும் இருக்கும், ஆலையும் ஓடும், கண்காட்சியும் விளம்பரமும் சேர்ந்து வரும்.

இறந்தவரின் மனைவி ஒப்பாரி வைப்பதைக் கேலி செய்யும் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் கிழித்துவிடுங்கள். திருத்தி அனுப்பினால் படிக்கிறேன்.