தாடை மூட்டின் அசைவை அளத்தல்: கேள்வி பதில்

கேள்வி: வாய் எவ்வளவு திறந்தால் சரி? நானே அளக்கலாமா?

பதில்: அளக்கலாம். நடு முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே மில்லிமீட்டர் அளவுகோலை வைத்துப் பார்க்கும் எண்ணோடு, வாயை மூடும்போது மேற்பல் கீழ்ப்பல்லை மறைக்கும் அளவையும் கூட்ட வேண்டும். பலர் இதை விட்டுவிடுவதால் இல்லாத குறை இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 40 முதல் 55 மி.மீ. வரை திறக்கும். ஆனால் எண்ணைவிடப் பாதையே அதிகம் சொல்லும். கண்ணாடி முன் மெதுவாகத் திறந்து பாருங்கள்: கீழ்ப்பற்களின் நடுக்கோடு வழியில் ஒரு பக்கம் விலகி மீண்டும் நடுவுக்கு வந்தால், மூட்டுக்குள் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள வட்டு இடம் பெயர்ந்து, திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்புகிறதோ என்று ஐயப்படலாம், விலகியே நின்று திறப்பும் குறைந்திருந்தால், அந்தப் பக்கத்து மூட்டு முன்னோக்கிச் சறுக்கவில்லை என்று கருத இடமுண்டு. மருத்துவர் விரலால் மெல்ல உதவும்போது திறப்பு நன்றாகக் கூடினால் பெரும்பாலும் தசையே காரணம். கெட்டியாக நின்றுவிட்டால் தடை மூட்டுக்குள் இருக்கலாம். அந்தச் சோதனையை நீங்களே செய்யாதீர்கள், வாயை வலிந்து திறக்கவும் வேண்டாம்.

கேள்வி: 'டக்' என்று சத்தம் வருகிறது. ஆபத்தா?

பதில்: வலியோ, வாய் திறக்க முடியாமல் தாடை சிக்குவதோ இல்லையென்றால் சிகிச்சை தேவையில்லை.

கேள்வி: கீழ்ப்பல்லில் காந்தம் ஒட்டி, கணினியில் தாடை அசைவைப் பதிவு செய்தார்கள். கோடு வளைந்திருப்பதால் பற்களை அராவித் தேய்க்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அந்தக் கோட்டை மட்டும் நம்பிப் பல்லைத் தேய்க்க இசையாதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது. நலமாக இருப்பவர்களுக்கும் கோடு வளையும். ஒரே ஆளுக்கு மறுமுறை பதிவு செய்தாலே மாறுகிறது.

மறுப்பு (ஒரு பல் மருத்துவர்): கையால் அளப்பதைவிடக் கருவி துல்லியமானது. அதை ஒதுக்குவது சரியா?

பதில்: துல்லியத்தை நான் மறுக்கவில்லை, மருத்துவரே. தாடை எட்டக்கூடிய எல்லைகளைச் சுவீடன் பல் மருத்துவ ஆய்வாளர் போசெல்ட் 1952-இல் வரைந்து காட்டியது முதல், அசைவுப் பதிவால் நாம் கற்றது ஏராளம். ஒருவரின் முன்னேற்றத்தை ஒப்பிடவும் அது உதவும். எனினும், துல்லியமாக அளப்பது வேறு, நோயையும் நலத்தையும் பிரித்தறிவது வேறு. தாடை மூட்டுக் கோளாறுகளுக்காக 2014-இல் வெளியான சர்வதேச நோயறிதல் வரையறைகள் நோயாளி சொல்லும் விவரத்தையும் நேரடிப் பரிசோதனையையுமே அடித்தளமாகக் கொள்கின்றன. வட்டின் நிலையை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ., எலும்பைப் பார்க்க சி.டி. என்கின்றன.

கேள்வி: எனக்கும் சத்தம் மட்டும் வருகிறது, வலி இல்லை...

பதில்: மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: காதில் சீழ் வடிகிறது. தாடை மூட்டா?

பதில்: காது, மூக்கு, தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.

கேள்வி: இதுவரை சத்தம் வந்தது, நேற்று அது நின்று, இரண்டு விரல்கூட நுழையவில்லை.

பதில்: வட்டு திரும்பாமல் சிக்கியிருக்கலாம். நாள் கடத்தாமல் இந்த வாரமே தாடை மூட்டுப் பரிசோதனையில் பழகியவரிடம் செல்லுங்கள். அதுவரை மென்மையான உணவு, வலிந்து திறக்கும் முயற்சி அறவே கூடாது.