சின்னப் புள்ளைங்களோட சென்னைக்கு வர்றோம், எந்த ஏரியால வீடு பாக்கலாம்?

கேள்வி: அக்கா, நாங்க மதுரை. வீட்டுக்காரருக்கு சிறுசேரி சிப்காட்ல வேலை கெடச்சிருக்கு, வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போகணும். எனக்கு ஆபீஸ் கிண்டில, ரெண்டு நாள் போனா போதும், மத்த நாள் வீட்டுலருந்தே வேலை. பெரியவனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருச்சு, யூகேஜி படிக்கிறான், ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ். சின்னவளுக்கு ரெண்டு வயசு. வாடகை 22,000 வரைக்கும் குடுக்கலாம்னு இருக்கோம். புரோக்கர் நாவலூர்ல ஒரு கேட்டட் கம்யூனிட்டி, பெரும்பாக்கத்துல ஒரு புது பிளாட், ரெண்டுக்கும் வீடியோ அனுப்பிருக்கார். மாமனாரோ வாடகையே வேணாம், கேளம்பாக்கத்துல லோன் போட்டு வாங்கிடுங்கன்னு சொல்றார். நீங்களா இருந்தா எங்க பாப்பீங்க?

பதில்: தங்கச்சி, முதல்ல மாமனார் விஷயத்தை முடிச்சிடுறேன். அவர் நல்லதுக்குத்தான் சொல்றார், ஆனா ஊருக்குப் புதுசா வர்றவங்க ஒரு மழைக்காலத்தைப் பாக்காம சென்னைல, அதுவும் தென்சென்னைல, வீடு வாங்கவே கூடாது. அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு தடவை இங்க இருந்து பாத்துட்டு அப்புறம் லோன் போடுங்க. அவர்கிட்ட "ஒரு வருஷம் டைம் குடுங்க மாமா"ன்னு சொன்னா புரிஞ்சுப்பார்.

இப்ப வாடகை வீடு. எல்லாரும் செய்யற மாதிரி நீங்களும் வீட்டுக்காரர் ஆபீஸ மேப்ல குத்தி வச்சுட்டு அதைச் சுத்தி தேட ஆரம்பிச்சிருக்கீங்க, அதான் ரெண்டு வீடும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கமே வந்திருக்கு. நானும் அப்படித்தான் பண்ணேன். திருச்சிலருந்து வந்தப்ப என் மூத்தவளுக்கு நாலு வயசு, மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போய் வீட்டைப் பாத்தோம், ரோடு காலியா இருந்துச்சு, வீடு பளபளன்னு இருந்துச்சு, அன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டோம். ஸ்கூல் திறந்த அப்புறம்தான் தெரிஞ்சுது, வேன் அவளை ஆறே முக்காலுக்கு ஏத்திக்கிட்டு எல்லாப் பிள்ளைங்களையும் ஏத்தி எட்டே காலுக்குத்தான் ஸ்கூல்ல விடும். பாதி நாள் வேன்லயே வாந்தி. டிபன் பாக்ஸ் திறக்காம திரும்பி வரும். அந்த ஒரு வருஷம் அந்தப் புள்ள பட்ட பாட்டை நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமாதான் இருக்கு, அதனாலதான் யார் கேட்டாலும் இதையே முதல்ல சொல்றேன்: வீட்டுலயே சின்னவங்களுக்குத்தான் பயணம் கம்மியா இருக்கணும், பெரியவங்க ஒரு மணி நேரம் பஸ்ல உக்காந்து போகலாம், அஞ்சு வயசுப் பையன் போகக் கூடாது.

அதனால முதல்ல ஸ்கூல், அப்புறம் அதுலருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள வீடு. காலைல பதினோரு மணிக்கு "உங்க பையனுக்கு ஜுரம்"னு போன் வந்தா யாரு போவீங்கன்னு யோசிச்சுப் பாருங்க, பெரும்பாலும் நீங்கதான், ஒரு கைல சின்னவளைத் தூக்கிக்கிட்டு ஆட்டோல போகணும்.

நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்லணும்னா நான் கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் இந்தப் பக்கம்தான் பாப்பேன். பழைய ஏரியா, ஸ்கூல் நிறைய, டாக்டர் நடக்கிற தூரத்துல கெடைப்பார். உங்களுக்கு கிண்டிக்கு தாம்பரத்துலருந்து எலெக்ட்ரிக் டிரெயின் நேரா இருக்கு. மதுரைலருந்து அம்மா வந்தா பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல தாம்பரத்துலயே இறங்கிக்கலாம், பஸ்ல வந்தாலும் 2023 டிசம்பர் கடைசில திறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு அம்மாவோ மாமியாரோ சுலபமா வந்து போற வழி இருக்கிறது எவ்ளோ பெரிய பலம்னு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சல் வர்றப்ப தெரியும். கஷ்டம் யாருக்குன்னா உங்க வீட்டுக்காரருக்கு, அங்கருந்து சிறுசேரிக்கு ஒரு பக்கமே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் டிராபிக்கைத் தாண்டித்தான் போகணும். வேலைல சேர்றதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் தாம்பரம் பக்கத்துலருந்து இருக்கான்னு எச்ஆர்கிட்ட கேட்டுடச் சொல்லுங்க. இல்லன்னு சொன்னாங்கன்னா கணக்கு மாறும், அப்ப நாவலூர் பக்கத்துலயே நல்ல ஸ்கூல் கெடச்சா அங்கயே பாக்கலாம், நீங்க ரெண்டு நாள் கிண்டிக்கு அலையணும். ஓஎம்ஆர்ல மெட்ரோ ரெண்டாம் கட்டம், மாதவரம்லருந்து சிறுசேரி வரைக்குமான பாதை, வேலை நடந்துக்கிட்டு இருக்கு, "மெட்ரோ வரப் போகுது"ன்னு சொல்லி வாடகை கூட கேட்டா மயங்காதீங்க, வந்தப்புறம் பாத்துக்கலாம்.

பெரும்பாக்கம் பிளாட்டுக்கு வர்றேன். அந்த ஏரியாவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல இருக்கிற பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. சுத்துப்பட்டு ஏரிங்க நிரம்பினா உபரித் தண்ணி எல்லாம் அங்கதான் வந்து சேரும், அங்கருந்து ஒக்கியம் மடுவுங்கிற வாய்க்கால் வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் முகத்துவாரத்துல கடல்ல கலக்கணும். போற வழி குறுகலு, வர்ற தண்ணி ஜாஸ்தி, அதனால மழை நின்ன அப்புறமும் தண்ணி நிக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி பக்கமெல்லாம் ஜனங்களை போட்ல கூட்டிட்டு வந்தாங்க. நாங்க அப்ப இரண்டாவது மாடில இருந்தோம், வீட்டுக்குள்ள தண்ணி வரல, ஆனா கீழ கரண்ட் பாக்ஸ் முங்கிப் போய் நாலு நாள் கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, குழாய்ல தண்ணி இல்ல, பால் இல்ல. அதனால மாடி வீடுதானேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. மீட்டர் போர்டும் மோட்டாரும் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. தாம்பரம் பக்கமும் எல்லா இடமும் மேடுன்னு நெனக்காதீங்க, 2015ல முடிச்சூர், வரதராஜபுரம் முழுகினது எல்லாருக்கும் தெரியும், சேலையூர், செம்பாக்கத்துலயும் ஏரி ஓரத்துத் தெருவுங்க இருக்கு. தெருவுக்குத் தெரு மாறும். புரோக்கர்கிட்டயும் ஓனர்கிட்டயும் கேட்டு பிரயோஜனம் இல்ல, தெருமுனைல அயர்ன் பண்றவர்கிட்ட கேளுங்க, "அண்ணே, 2015ல இங்க தண்ணி எவ்ளோ வந்துச்சு, 2023ல எவ்ளோ வந்துச்சு"ன்னு வருஷத்தைச் சொல்லிக் கேளுங்க. முழங்கால், இடுப்புன்னு கையை வச்சே காட்டுவார்.

மழைத்தண்ணி ஒரு பக்கம், குடிதண்ணி இன்னொரு பக்கம். 2019 கோடைல சென்னைக்குக் குடிதண்ணி குடுக்கிற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வத்திப்போய், ஓஎம்ஆர்ல சில கம்பெனிங்க ஆளுங்களை வீட்டுலருந்தே வேலை பாக்கச் சொன்னாங்க. ஓஎம்ஆர் பக்கம் பல அப்பார்ட்மெண்ட்டுக்கு இன்னும் லாரித் தண்ணியும் போர் தண்ணியும்தான். அந்த நாவலூர் வீட்டுல லாரித் தண்ணி காசு மெயின்டனன்ஸ்ல சேர்த்தியா தனியாங்கிறதை எழுத்துல வாங்கிக்கோங்க. வீட்டுக்குப் போனா குழாயோட வாயைப் பாருங்க, வெள்ளையா பொரிஞ்சு போயிருந்தா உப்புத் தண்ணி.

வீடு பாக்கறப்ப சின்னவளைக் கூட்டிக்கிட்டே போங்க, திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குப் போங்க. அவளைத் தரையில இறக்கி விட்டு அவ எங்க ஓடுறான்னு பாருங்க, அங்கதான் ஆபத்து இருக்கும். பால்கனி கம்பி இடைவெளி வழியா குழந்தை தலை நுழையுமான்னு டேப் வச்சு அளந்துடுங்க, பத்து சென்டிமீட்டருக்கு மேல இருந்தா வலை அடிச்சுத் தரச் சொல்லுங்க, குறுக்குக் கம்பியா இருந்தா ஏணி மாதிரி ஏறிடுவா. ஜன்னலுக்கு கிரில் இருக்கணும். கீழ சம்ப், அதாவது தரைக்கடில இருக்கிற தண்ணித் தொட்டி, அதோட மூடி பூட்டியிருக்கணும், இதுல மட்டும் தயவு செஞ்சு யாரு சொன்னாலும் கேட்டு விட்டுக்குடுக்காதீங்க, வெறும் தகர மூடி போட்டிருந்தா அந்த வீடே வேணாம். மொட்டை மாடிக் கதவும் அப்படித்தான்.

சின்னவளை நீங்க கிண்டி போற ரெண்டு நாள் யாரு பாத்துப்பாங்கன்னு நீங்க எழுதல. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல குழந்தைக் காப்பகம் வைக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்னு 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தினப்பவே வந்துடுச்சு, அதை உங்க ஆபீஸ்ல கேளுங்க. ஆனா ரெண்டு வயசுக் குழந்தையை காலைல கூட்டமான டிரெயின்ல கூட்டிட்டுப் போறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன், வீட்டுப் பக்கத்துலயே டேகேர் பாருங்க, சொல்லாம கொள்ளாம மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை போய் நின்னு பாருங்க.

கேள்வி: ஸ்கூல்ல டொனேஷன் கேட்டா என்ன பண்றது? கேந்திரிய வித்யாலயால பையனுக்குக் கெடைக்குமா?

பதில்: கேந்திரிய வித்யாலயால ஒண்ணாங்கிளாஸுக்கு ஆறு வயசு முடிஞ்சிருக்கணும், உங்க பையன் இந்த வருஷம் முடியாது. நம்ம மாநில ஸ்கூலுங்கள்ல அஞ்சு முடிஞ்சாலே போதும், சிபிஎஸ்இ ஸ்கூலா இருந்தா வயசு விஷயத்தை அவங்ககிட்டயே முன்கூட்டி கேட்டுடுங்க. டொனேஷன் வாங்குறதும், சேர்க்குறதுக்காக குழந்தையையோ அப்பா அம்மாவையோ இன்டர்வியூ பண்றதும் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தப்பு. ஃபீஸை கட்டண நிர்ணயக் கமிட்டி முடிவு பண்ணிக் குடுத்த உத்தரவு இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்க, கட்டின காசு மொத்தத்துக்கும் ரசீது வாங்குங்க.

கேள்வி: நாவலூர் ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேக்குறார், சென்னைல அதான் வழக்கமாமே?

பதில்: வழக்கம்தான். ஆனா 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு இருக்கு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கிட்டா மட்டும்தான் விதிவிலக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம், அதனால போடுறதுக்கு முன்னாடி பேரம் பேசுங்க. வீட்டைக் காலி பண்ண ஒரு மாசத்துல, நீங்க குடுக்க வேண்டிய பாக்கி போக மிச்சத்தைத் திருப்பிக் குடுக்கணும்னும் இருக்கு. 11 மாசம்தானேன்னு விடாம அக்ரிமெண்ட்டை வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணிடுங்க. என் முதல் வீட்டு ஓனர் பெயிண்ட் காசுன்னு சொல்லி ரெண்டு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டார், அக்ரிமெண்ட்ல பெயிண்ட் பத்தி ஒரு வரி கூட இல்லாததால என்னால ஒண்ணும் பண்ண முடியல. அதனால பெயிண்டுக்கு எவ்ளோன்னு இப்பவே எழுதிக்கோங்க, உள்ள போற அன்னைக்கே சுவரு, கதவு, பாத்ரூம் எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுடுங்க. கரண்ட்டுக்கு உங்க வீட்டுக்குன்னு தனி இபி மீட்டர் இருக்கான்னும் பாருங்க, இருந்தா ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கெடைக்கும், ஓனரோட சப்மீட்டர்ல யூனிட்டுக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணா அது போயிடும்.

மதுரையைவிட்டுக் கிளம்பறப்ப டிசி, பிறப்புச் சான்றிதழ் கூட ரெண்டு பேரோட தடுப்பூசி கார்டையும் லாரில ஏத்தாம கைப்பைல வச்சுக்கோங்க, சின்னவளுக்கு அடுத்த ஊசி எப்பன்னு அங்க உங்க டாக்டர்கிட்டயே கார்டுல எழுதி வாங்கிட்டு வந்துடுங்க.