பனிமூட்டத்துக்கு ரீஃபண்ட் கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: மலைப்பகுதிச் சுற்றுலாத் தலம் ஒன்றில், சிறிய தங்கும் விடுதியில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். சீசன் வந்தாலே தினம் ஒரு சண்டை. ‘வியூ ரூம்னு சொல்லிக் காசு வாங்கினீங்க, ஜன்னலைத் திறந்தா வெறும் பனி’ என்று ரீஃபண்ட் கேட்கிறார்கள். மறுத்தால் ஒரு ஸ்டார் போட்டுவிடுவேன் என்கிறார்கள். சிலர் குடித்துவிட்டுத் தரக்குறைவாகப் பேசுகிறார்கள். முதலாளியோ ‘சிரிச்சுக்கிட்டே சமாளி’ என்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: உங்கள் கேள்விக்குள் மூன்று ரக ஆட்கள் இருக்கிறார்கள். ஏமாந்துபோனவர், மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்ப்பவர், வரம்பு மீறுபவர். மூவருக்கும் ஒரே சிரிப்பைக் காட்டச் சொல்கிறாரே, அங்கேதான் உங்கள் முதலாளி தவறுகிறார். சண்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ரகம் என்பதால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவர் உங்கள் முன் வந்து நிற்கும்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். கெஞ்சி வாங்கிய லீவு, சேர்த்துவைத்த பணம். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்திருக்கும். போனில் அவர் பார்த்த படமோ வானம் துடைத்துவிட்டாற்போல இருந்த ஒரு நாளில் எடுத்தது. உங்கள் ஊர் 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் இன்னொன்றும் உண்டு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. அதனால் பலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். எரிந்து விழுகிறவருக்கு நிஜமாகவே உடம்பு முடியாமல் இருக்கலாம். (தலைவலி ஏறிக்கொண்டே போய் நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், போதை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பில் விவகாரத்தை ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்து, அவரைத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.)

ஆகவே வந்தவுடன் படிவத்தை நீட்டாதீர்கள். முதலில் உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், கழிப்பறைக்கு வழி. கையெழுத்தெல்லாம் பிறகு. அறை தயாராகவில்லை என்றால் ஏன், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத காத்திருப்பும், எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்று சேவை நிறுவனங்களை ஆராய்ந்த டேவிட் மைஸ்டர் 1985-லேயே எழுதியிருக்கிறார். இருபது நிமிடம் ஆகும் என்றால் அரை மணி நேரம் என்று சொல்லுங்கள். ‘இதோ அஞ்சு நிமிஷம் சார்’ என்பதை அடியோடு மறந்துவிடுங்கள்.

இனி பனிமூட்டம். ‘இயற்கை எங்க கையிலயா சார் இருக்கு?’ என்று கேட்கத் தோன்றும். நியாயம்தான், ஆனால் எதிரே நிற்பவருக்கு அது ‘உன் காசு போனா எனக்கென்ன’ என்றுதான் கேட்கும். அதைவிட ஆபத்தானது ‘நாளைக்குக் கண்டிப்பாத் தெரியும்’ என்று சொல்வது. நாளையும் தெரியாவிட்டால் பனி மேல் இருந்த கோபம் உங்கள் மேல் திரும்பும். குறுக்கே பேசாமல் அவரை முழுதாகச் சொல்லவிடுங்கள். பிறகு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘இவ்வளவு தூரம் வந்து ஒண்ணும் தெரியலைன்னா வருத்தமாத்தான் இருக்கும் சார். இந்த வாரத்துல மூணு நாள் காலைல ஆறரைக்கு மேல கொஞ்ச நேரம் விலகுச்சு. நாளைக்கு விலகினா உங்க ரூமுக்கு போன் பண்ணட்டுமா?’

இதைச் சொல்ல உங்களிடம் தகவல் இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் பனி எத்தனை மணிக்கு விலகியது, எப்போது திரும்ப மூடியது என்று இரண்டு வரி. ஒரு சீசன் எழுதினால், உங்கள் ஜன்னலுக்கு வெளியே நடப்பதை வானிலை ஆப்பைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள். பனி நாளிலும் போகக்கூடிய, தூரக் காட்சி தேவைப்படாத காட்டுப்பாதை, கிட்ட நின்று பார்க்கும் அருவி போன்ற இடங்களையும் அதிலேயே குறித்துவையுங்கள். போன் பண்ணுகிறேன் என்று சொன்னால் பண்ணுங்கள். ஷிஃப்ட் மாறினால் அடுத்தவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ரீஃபண்ட் தர வேண்டுமா? காட்சியை மறைப்பது எதிர்க் கட்டடமோ மரமோ என்றால் விருந்தினர் சொல்வதுதான் சரி. அறையை மாற்றுங்கள், முடியாவிட்டால் வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். பனி என்றால் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து, ஆனால் ஒரு நிபந்தனை: புக்கிங் சமயத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். விடுதியின் இணையப் பக்கத்தில் வெயில் நாள் படத்தை ஒட்டியே ஒரு பனி நாள் படத்தையும் போடச் சொல்லுங்கள். முதலாளி தயங்குவார். ‘வியூ எங்கே’ என்று வந்த ரிவ்யூக்களை எடுத்துக் காட்டுங்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மெசேஜும் அனுப்பலாம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், ஸ்வெட்டர் வேண்டும், மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும், இந்த மாதத்தில் பனி அதிகம். இவ்வளவு போதும்.

அடுத்து, உங்கள் கையில் என்ன இருக்கிறது? எதற்கெடுத்தாலும் ‘மேனேஜரைக் கேட்கணும்’ என்பவரிடம் எந்த விருந்தினருக்கும் பொறுமை இருக்காது. அறை மாற்றம், செக்-அவுட் நேர நீட்டிப்பு, ஒரு வேளைத் தேநீர், சிற்றுண்டி: இவற்றை யாரையும் கேட்காமல் நீங்களே தரலாம் என்று முதலாளியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், பாதிச் சண்டை கவுன்டரிலேயே முடிந்துவிடும்.

ஸ்டார் மிரட்டலுக்கு மட்டும் இவற்றில் எதையும் கொடுக்காதீர்கள். உண்மையான குறை இருந்தால் மிரட்டுவதற்கு முன்னாலேயே கொடுத்திருப்பீர்கள். ‘உங்க கருத்தை எழுதறது உங்க உரிமை சார், நாங்க செய்யக்கூடியது இவ்வளவுதான்’ என்று நிறுத்திக்கொண்டு, நடந்ததைத் தேதி, நேரத்தோடு குறித்துவையுங்கள். ரிவ்யூ வந்தால் மூன்று வரிக்குள் பதில் போதும், தர்க்கம் வேண்டாம். அதைப் படிக்கப்போவது அடுத்து வருகிறவர்கள்.

பாதுகாப்பில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. கம்பித் தடுப்பைத் தாண்டி செல்ஃபி எடுப்பவரிடமும், இருட்டிய பின் அருவிக்குக் கிளம்புகிறவரிடமும் காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பார். ‘அங்க போக விடமாட்டோம் சார், இந்த மேடையிலிருந்து எடுங்க.’ அதற்கு மேல் பேச்சு இல்லை.

தரக்குறைவாகப் பேசுபவரிடம் ஒரே ஒரு எச்சரிக்கை: ‘இப்படிப் பேசினா நான் இந்தப் பேச்சைத் தொடர மாட்டேன்.’ மறுபடியும் பேசினால் விலகிவிடுங்கள். இன்னொரு ஊழியரோ மேனேஜரோ வரட்டும். குடித்தவரிடம் நியாயம் பேசுவது வீண், விடியட்டும். இரவில் அவர் அறைக்குத் தனியாகப் போகாதீர்கள். கை நீட்டினால் போலீஸைக் கூப்பிடுங்கள், முதலாளிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரிப்பதும் உழைப்புதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதை விரிவாக எழுதினார். ஒரு சண்டை முடிந்ததும் அடுத்த விருந்தினரை உடனே எதிர்கொள்ளாமல், பத்து நிமிடம் கணக்குப் புத்தகத்தையோ சாவிகளையோ பார்க்கிற வேலைக்கு மாறிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

வேலையை விடுவது பற்றி: சீசன் நெரிசலில் முடிவெடுக்காதீர்கள், அது ஓயட்டும். பிறகு முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘கெட்ட வார்த்தை பேசற கெஸ்ட்டை ரூமைக் காலி பண்ணச் சொல்வீங்களா?’ அப்போதும் ‘சிரிச்சுக்கிட்டே சமாளி’ என்றுதான் சொல்வார் என்றால், வேறு விடுதிகளில் விசாரிக்கத் தொடங்கிவிடுங்கள். பனி நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே மலையில் வேறு விடுதி என்றால் முதல் நாளிலிருந்தே உதவும்.