மெல்பர்ன் சமையலறைக்கு எந்தக் கல்?

தம்பி, மெல்பர்னில் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கப் போவதாகவும், சென்னையில் அக்கா வீட்டில் இருப்பதைப் போல வெள்ளை குவார்ட்ஸ் மேடை போட ஆசைப்பட்டதாகவும், கடைக்காரர் "அது இப்போது இங்கே கிடையாது" என்றதில் குழம்பிப் போனதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அவர் சொன்னது உண்மை. குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யும் அந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிப்பது, விற்பது, வெட்டுவது, பொருத்துவது அனைத்தையும் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் இறக்குமதியும் இல்லை. அந்தக் கல்லில், குவார்ட்ஸிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்ற கனிமப்பொருள் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடும். அதை அறுக்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து அதைத் தழும்பாக்கிவிடுகிறது. சிலிகோசிஸ் என்ற இந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. இளவயதுத் தொழிலாளர்கள் பலர் மூச்சுக்குத் திணறும் நிலைக்கு வந்த பிறகே இந்தத் தடை வந்தது என்பதால், சமையலறைக்குக் கல் தேடும் நாமும் அவர்களை நினைத்தே தேட வேண்டும்.

சிலிக்கா ஒரு சதவீதத்துக்கும் குறைவான புதிய செயற்கைக் கற்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றுக்குத் தடை இல்லை. ஆனால் பிசின் பிசின்தான். தாளித்த வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மேடையில் வைக்கும் பழக்கம் உள்ள வீட்டில், சூடு பட்ட இடம் நிறம் மாறி நிற்கும். அதைத் தேய்த்துப் போக்க முடியாது.

நம் சமையலுக்கு அடர்நிற கிரானைட்டையே நான் பரிந்துரைப்பேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து ஏற்றுமதியாகும் கருங்கல் போன்ற நெருக்கமான கல் சூட்டையும் தாங்கும், மஞ்சளையும் எளிதில் உறிஞ்சாது. மார்பிள் வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் அதன் பளபளப்பு அரித்துப்போகும்; மேலே பூசும் சீலர் கறையைத் தடுக்குமே தவிர இந்த அரிப்பைத் தடுக்காது.

கல் கிடங்குக்குப் போகும்போது, நீங்கள் வாங்கவிருக்கும் அதே பலகையின் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதன்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அடியில் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் அவசியம் என்று பொருள். இன்னொரு மூலையில் மஞ்சள் கலந்த எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் தனித்தனியே விட்டு இரவு முழுவதும் வையுங்கள். கறுப்புக் கல்லென்றால், நகச்சாயம் நீக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயம் ஏற்றிய கல், விட்டுவிடுங்கள்.

கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஏறத்தாழ 20 முதல் 45 சதவீதம் வரை. அதனால் விலை கேட்கும்போதே, தண்ணீர் பாய்ச்சி அறுக்கிறார்களா, சின்க்குக்கும் அடுப்புக்குமான துளைகளைப் பட்டறையிலேயே வெட்டிக் கொண்டுவருவார்களா என்று கேளுங்கள். "வீட்டுக்கு வந்து கிரைண்டரால் வெட்டிக்கொள்வோம்" என்பவர் எவ்வளவு மலிவாகச் செய்தாலும் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

குளியலறையில் முந்தைய உரிமையாளர் போட்ட குவார்ட்ஸ் பலகை ஆபத்தா என்றும் கேட்டிருந்தீர்கள். பொருத்தி முடித்த கல் இருந்த இடத்தில் இருக்கும்வரை தூள் எழாது. சட்டமும் அதை அகற்றச் சொல்லவில்லை. புதுக் குழாய்க்குத் துளை போட வேண்டியிருந்தால் மட்டும் நீங்களே டிரில்லைக் கையில் எடுக்காமல், தூசியைக் கட்டுப்படுத்தும் கருவியும் முகக்கவசமும் உள்ள கல் தொழிலாளியை அழையுங்கள்.